ரேஷன் அரிசி தவறாமல் வருகிறது, பென்ஷன் ஏன் வரவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தகுதி இருந்தும் பல குடும்பங்கள் அரசு உதவிகளை வாங்காமல் இருக்கின்றன, மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறேன். கூட்டங்களில் அதிகாரிகளும் இதையேதான் சொல்கிறார்கள். நான் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், 17 வருடமாக மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறேன், கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அதை வைத்துச் சொல்கிறேன், விழிப்புணர்வு இல்லை என்பது சரியான பதில் இல்லை. எங்கள் ஊரில் கடலைக் காட்டில் களை எடுக்கிற பெண்ணைக் கேளுங்கள், முதியோர் பென்ஷன் எவ்வளவு, மகளிர் உரிமைத் தொகை எந்தத் தேதியில் ஏறும், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு காலேஜ் போகிற பெண்ணுக்கு மாதம் எவ்வளவு என்று கடகடவென்று சொல்வார். தெரியாமல் இல்லை. தெரிந்தும் போகாமல் இருக்கிறார்கள், இல்லையென்றால் ஒரு முறை போய் அலைந்துவிட்டு இனிமேல் அந்தப் பக்கமே போவதில்லை என்று இருக்கிறார்கள். அது ஏன் என்று அவர்களை உட்கார வைத்து யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், முடிந்தால் சுருக்காமல் போடுங்கள்.

பக்கத்து வீட்டு ஆயாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டுக்காரர் போய் 11 வருடம் ஆகிறது. மானாவாரி நிலம் ஒரு ஏக்கர் சொச்சம், அதுவும் மாமனார் பெயரில் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. மாசி, பங்குனியில் புளி தட்டப் போவார், மழை பெய்தால் களை எடுப்பார், மற்ற நாளில் நூறு நாள் வேலை. ஒரே மகன், பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, பொண்டாட்டி பிள்ளையோடு கட்டடம் கட்டுகிற இடத்திலேயே தகரக் கொட்டகையில் இருக்கிறான். ஆயாவுக்கு வயது என்ன என்று கேட்டால் தெரியாது என்பார். ஆனால் எம்.ஜி.ஆர். இறந்த மாதம்தான் மூத்த மகள் வயதுக்கு வந்தாள், மார்கழி என்பதால் தை பிறந்து மஞ்சள் நீராட்டு வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம் என்று நேற்று நடந்தது மாதிரி சொல்வார். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். மகளுக்கு அப்போது 13 வயது. அப்படியென்றால் ஆயாவுக்கு இன்றைக்கு எப்படிப் பார்த்தாலும் 65-க்கு மேல்தான்.

ஆதார் கார்டில் அவர் பிறந்த தேதி 01.01.1971 என்று இருக்கிறது. பல வருடம் முன்பு பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டு ஆதார் எடுத்தபோது, பிறந்த தேதி தெரியாதா பாட்டி என்று கேட்டுவிட்டு மெஷின் முன்னால் இருந்த பையன் ஆளைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டிருக்கிறான். வரிசையில் இருநூறு பேர் நின்றார்கள், அவனையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஜனவரி 1-ல் பிறந்தவர்கள் மட்டும் நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள், எல்லாருமே இப்படித்தான். அந்தக் கார்டு சொல்வதை நம்பினால் ஆயா தன் மூத்த மகளை மூன்று வயதில் பெற்றிருக்க வேண்டும். அம்மா, மகள் இரண்டு பேர் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்கிற யாருக்கும் தப்பு என்று தெரிந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரில் 60 ஆகவில்லை என்று வந்துவிட்டால் மனு அதற்கு மேல் நகராது. மாற்றலாமே என்றால் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவரிடம் எதைக் கொண்டு வரச் சொல்வது?

சரி, வயதை எப்படியோ திருத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது விசாரணை. முதியோர் பென்ஷன் ஆதரவற்றவர்களுக்கு. விதி என்னவாக இருந்தாலும் விசாரணைக்கு வருகிறவர் முதலில் கேட்பது மகன் இருக்கிறானா, சோறு போடுகிறானா என்பதுதான். போடுகிறான் என்றால் பென்ஷன் இல்லை. போடவில்லை என்று சொல்ல வேண்டும், அதையும் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும், எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். இதை நான் எடுத்துச் சொன்னபோதே ஆயா எழுந்துவிட்டார். "என் பையன் சோறு போடலைன்னு நான் எதுக்குக் கண்ணு எழுதிக் குடுக்கணும்? கையில இருந்தா அனுப்பறான், இல்லைன்னா அவனே என்ன பண்ணுவான்" என்றார். நான் மகனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க அக்கா, எனக்கு ஒன்றும் இல்லை என்று அவனே சொன்னான். ஆயா கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இதைக் கூச்சம் என்றோ வீம்பு என்றோ சொல்லித் தள்ளிவிடாதீர்கள். மாதம் பத்தாயிரம் சம்பளம் வாங்கி, வீட்டுச் செலவும் பிள்ளை படிப்பும் போக ஐந்நூறு அனுப்புகிற மகன் இருக்கிறான். அவன் இருப்பதும் உண்மை, அந்தப் பணம் போதாது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கு அந்த மனுவில் இடமே இல்லை. மகனை விட்டுக்கொடுத்தால் காசு என்று சொன்னால் எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் பாதிப் பேர் காசு வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

முதியோர் பென்ஷன் 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், பல வருடமாக அப்படியேதான் இருக்கிறது, மீதியை மாநில அரசு போடுகிறது. 1,200 ரூபாய் என்பது ஆயாவுக்குச் சின்னப் பணம் இல்லை. ரேஷன் அரிசி இருக்கும்போது அது மாதம் முழுக்கப் பருப்பு, எண்ணெய், மூட்டு வலி மாத்திரை.

அந்தப் பணத்தை அடைய என்ன செலவாகிறது என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா? நான் போட்டிருக்கிறேன். இன்னொரு பாட்டிக்கு மனு போட்டுக் கடைசியில் வாங்கியும் கொடுத்தோம், அப்போது குழு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். களை எடுக்கப் போனால் ஒரு நாள் கூலி 300 ரூபாய். விஏஓவைப் பார்க்க ஒரு நாள், அவர் அன்று மீட்டிங் போய்விட்டதால் இன்னொரு நாள், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) ஆபீசுக்கு ஒரு நாள், தாலுகா ஆபீசில் பென்ஷன் மனுக்களைக் கவனிக்கும் தனி வட்டாட்சியரைப் பார்க்க இரண்டு நாள், பேங்குக்கு ஒரு நாள், பெயர் திருத்த ஒரு நாள். 7 நாள் கூலி 2,100 ரூபாய். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான், ஆனால் சர்வர் வேலை செய்யவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், அப்புறம் பிரௌசிங் சென்டரில் 200 ரூபாய் கொடுத்துப் போட்டோம். ஜெராக்ஸ், போட்டோ, டீ எல்லாம் சேர்த்து 460. ஆக 2,560 ரூபாய். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் பஸ் செலவு மிச்சம், இல்லையென்றால் இன்னும் கூடியிருக்கும்.

பென்ஷன் வந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் இந்தப் பணம் திரும்பிவிடும். அது அவர்களுக்கும் தெரியும். பிரச்சினை செலவு மட்டும் இல்லை, கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்ல ஆள் இல்லை என்பதுதான். கட்டாயம் கிடைக்கும் என்று தெரிந்தால் குழுவில் கடன் வாங்கியாவது அலைவார்கள். மாட்டுக்கும் போர்வெல்லுக்கும் கடன் வாங்குகிறவர்கள்தானே. ஏழு நாள் கூலியை விட்டு அலைந்தபிறகு "இப்போ இடம் இல்லம்மா, யாராவது தவறினால்தான் புதுசா போட முடியும்" என்று ஒரு பதில் வருகிறது பாருங்கள், அதைக் கேட்டுவிட்டு வந்த ஒருத்தர் ஊரில் சொன்னால் போதும், அடுத்த பத்துப் பேர் கிளம்ப மாட்டார்கள்.

அப்புறம் இந்த ஓடிபி. ஆதாரோடு இணைத்த போன் நம்பர் பல வீட்டில் பெங்களூரில் இருக்கிற பிள்ளையினுடையது, இல்லையென்றால் எப்போதோ தொலைந்துபோன சிம். போன மாதம் ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓடிபி மகன் போனுக்குப் போயிருக்கிறது. அவன் அந்த நேரத்தில் நாலாவது மாடியில் சாரத்தில் நிற்கிறான், போன் கீழே பையில். நாங்கள் கூப்பிட, மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. மூன்று தடவை அனுப்பி மூன்று தடவையும் நேரம் முடிந்துபோனது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பையன் கூப்பிட்டு, அம்மா பதினோரு தடவை கூப்பிட்டிருக்கியே, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கேட்டானாம். அந்த அக்கா மறுநாள் போகவில்லை. பையன் சாரத்தில் நிற்கும்போது போன் அடித்து அவன் கவனம் தப்பினால் என்ன ஆவது என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்?

கைரேகை விஷயமும் இதே மாதிரிதான். வருடக்கணக்கில் புளி தட்டியும், செங்கல் சூளையில் வேலை பார்த்தும் விரல் நுனி வழவழவென்று ஆகிவிடுகிறது, மெஷினில் ரேகை விழுவதில்லை. உழைத்ததற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும், அதுவே தடையாக வந்து நிற்கிறது. பெயர்ப் பிழைகளைப் பற்றி எழுதினால் தனிக் கடிதமே ஆகும். ரேஷன் கார்டில் முனியம்மாள், ஆதாரில் முனியம்மா, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் அப்பா பெயருக்கு, வாக்காளர் அட்டையில் வீட்டுக்காரர் பெயருக்கு. நாலும் அரசாங்கமோ பேங்கோ எழுதியதுதான், அவர் கையால் எழுதியது ஒன்றுகூட இல்லை. ஆனால் சரிசெய்ய அலைய வேண்டியது அவர்.

பயமும் ஒரு காரணம், இதை வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். மாமியாருக்கு பென்ஷன் போட்டால் மருமகளுக்கு வருகிற உரிமைத் தொகை 1,000 ரூபாய் நின்றுவிடும் என்று எங்கள் ஊரில் இன்னமும் நம்புகிறார்கள். தொடக்கத்தில் விதியும் அப்படித்தான் வந்தது. தொகை கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே, 2023 ஆகஸ்டில், முதியோர் பென்ஷன் வாங்குகிறவர் வீட்டில் இருந்தாலும் தகுதியுள்ள பெண் விண்ணப்பிக்கலாம் என்று தளர்த்திவிட்டார்கள். முதலில் வந்த செய்தி மைக்கில் வந்தது, மாற்றின செய்தி ஊருக்குள் வரவே இல்லை. வருகிற ஆயிரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கிழவி வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். அந்த உரிமைத் தொகைக்கே மாநிலம் முழுக்க சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்து 1 கோடியே 6 லட்சம் பேரைத்தான் தேர்வு செய்தார்கள். மற்றவர்களுக்குக் காரணம் எஸ்எம்எஸ்ஸில் வந்தது, 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். எஸ்எம்எஸ் யார் போனுக்குப் போயிருக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன். 2025 டிசம்பரில் இரண்டாம் கட்டமாக மேலும் பல லட்சம் பேரைச் சேர்த்தார்கள், அதில் எங்கள் தெருவில் இரண்டு பேருக்குக் கிடைத்தது. இரண்டு பேருமே முதல் தடவை தள்ளப்பட்டவர்கள். இடையில் அவர்கள் நிலைமையில் எந்த மாற்றமும் இல்லை, அதே ஓட்டு வீடு, அதே கூலி வேலை. இரண்டு வருடப் பணம் போனது போனதுதான்.

இப்போது ரேஷன் கடையைப் பாருங்கள். அரிசி கார்டு இருந்தால் போகலாம், வாங்கலாம். நீ ஏழைதானா என்று மாதா மாதம் யாரும் கேட்பதில்லை. மதிய உணவைப் பாருங்கள், 2022-ல் தொடங்கிய காலை உணவைப் பாருங்கள், பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். டவுன் பஸ்ஸில் ஏறினால் போதும். இவற்றுக்கு மனு இல்லை, சான்றிதழ் இல்லை, விசாரணை இல்லை. இவை போய்ச் சேராத வீடு எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. அதே மக்கள்தான், அதே படிப்புதான், அதே விழிப்புணர்வுதான். தானாக வருவது எல்லாருக்கும் வந்து சேருகிறது, நிரூபித்து வாங்க வேண்டியது மட்டும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ஏழை என்பதை ஏழையே அலைந்து நிரூபிக்க வேண்டும் என்று இருக்கிற வரைக்கும், மிகவும் முடியாதவர்கள்தான் முதலில் விடுபட்டுப் போவார்கள். அலைய முடிந்தவர் வாங்கிவிடுவார். நடக்க முடியாதவர், நாள் கூலியை விட முடியாதவர், கூடவர ஆள் இல்லாதவர் வெளியில் நிற்பார். உதவி யாருக்கு என்று சொல்லிக் கொண்டுவந்தார்களோ அவர்களே வெளியில்.

எங்கள் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக்கு இன்னொரு தனிக் கஷ்டம் இருக்கிறது, பெங்களூர். வீட்டுக்கு ஒருவராவது அங்கே கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். 1996-ல் வந்த மத்திய சட்டத்திலிருந்தே கட்டடச் செலவில் குறைந்தது 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கு என்று வசூலிக்கிறார்கள். வேலை கர்நாடகத்தில் நடப்பதால் அந்தப் பணம் கர்நாடகத்தின் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகும். ஆள் தமிழ்நாட்டுக்காரர். இங்கே வாரியத்தில் பதிந்திருந்தாலும் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அங்கே இருப்பார். அங்கே பதியலாம் என்றால் 90 நாள் வேலை செய்ததற்கு மேஸ்திரி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், மாதத்துக்கு ஒரு இடம் மாறுகிறவருக்கு எந்த மேஸ்திரி போடுவார்?

எங்கள் தெருவில் ஒரு தம்பி நாலு வருடம் முன்பு அங்கே சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். வயது 34. ஆம்புலன்சில் உடலோடு ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்து அனுப்பிவிட்டார்கள். இங்கே வாங்கியிருந்த வாரிய அட்டை புதுப்பிக்காமல் இரண்டு வருடம் ஆகியிருந்தது. இறப்புச் சான்றிதழ் அங்கே கொடுத்தது, கன்னடத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. ஆஸ்பத்திரியில் கூட வந்த ஆள் வாய்க்கு வந்த மாதிரி சொன்ன பெயர் அதில் ஏறியிருக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். வாரிசுச் சான்றிதழுக்குப் போனால் இது வேறு ஆளோ என்று கேட்டார்கள். திருத்த வேண்டுமென்றால் திரும்ப பெங்களூர் போக வேண்டும், அதே ஆஸ்பத்திரி, அதே ஆபீஸ், கன்னடம் தெரிந்த ஆள். அந்தப் பெண்ணுக்கு அப்போது கைக்குழந்தை. அதற்கு மேல் ஊர் வாய் வேறு, புருஷன் போய் மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் காசுக்கு ஆபீஸ் ஏறுகிறாள் என்று சொல்வார்களே என்று ஒரு வருடம் வெளியிலேயே வரவில்லை. சம்பாதிக்கிறவர் இறந்துபோன ஏழைக் குடும்பத்துக்கு 20,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் இருக்கிறது, ஆதரவற்ற விதவை பென்ஷன் இருக்கிறது. பென்ஷனுக்கே மூன்றரை வருடம் கழித்துத்தான் மனு போட்டோம். இதில் விழிப்புணர்வு எங்கே குறைந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

மலை மேலே இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். சித்தேரி, வத்தல்மலையில் இருக்கிற மலையாளி என்ற பழங்குடி மக்களுக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து இருளர்களுக்கும் சாதிச் சான்றிதழ் தாசில்தார் ஆபீசில் முடிவதில்லை, கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்குச் சுலபம். அப்பா பள்ளிக்கூடமே போகாதவராக இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

இதையெல்லாம் மாற்ற முடியாது என்று நான் நினைக்கவில்லை. மாற்றலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் 1989-ல் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். உரிமைத் தொகைக்கு விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24-ல் தொடங்கி வைத்தது எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில். முகாம் போட்டு மனு வாங்குகிற மக்களுடன் முதல்வர் திட்டத்தை கிராமங்களுக்குக் கொண்டுவந்தது 2024 ஜூலை 11-ல் எங்கள் மாவட்டத்துப் பாளையம்புதூரில். மருத்துவத் திட்டத்தில் என்ன நடக்கிறது என்றால், சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலில் வந்து கொடுக்கிறார்கள். ஆயாவுக்கும் மாதா மாதம் வருகிறது, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மாத்திரை கொடுக்க வருகிற பெண்ணுக்கு ஆயா எந்த வீட்டில் இருக்கிறார், யார் கூட இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார் எல்லாம் தெரியும். 2025 ஆகஸ்டிலிருந்து வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளையே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆக வீடு தேடி வருவது அரசாங்கத்தால் முடியாத காரியம் இல்லை. மாத்திரைக்கு வந்த வழியில் பென்ஷன் மனுவும் வரலாமே.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவர் இறந்தால் அந்த இறப்பைப் பதிவு செய்வது அரசாங்கம், ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்குவதும் அரசாங்கம். அப்போதே அந்த வீட்டில் விதவை இருக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. அவரிடம் போய் பென்ஷன் மனுவை எழுதி வாங்க வேண்டியதுதானே, அவர் ஏன் மூன்றரை வருடம் கழித்துக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? குழந்தை பிறந்தால், கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கிற பிக்மி நம்பர் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் என்று ஆஸ்பத்திரியையும் பதிவேட்டையும் இணைத்திருக்கிறார்கள், அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். வருமானச் சான்றிதழை ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிதாகக் கேட்பதை நிறுத்த வேண்டும், தாலுகா ஆபீஸ் கொடுத்த சான்றிதழைத் தாலுகா ஆபீசே திரும்பக் கேட்கிறது. மனுவைத் தள்ளினால் எதற்காகத் தள்ளினோம், யாரிடம் முறையிட வேண்டும் என்று தமிழில் ஒரு காகிதம் கையில் கொடுக்க வேண்டும், போனில் வரும் செய்தி போதாது. முதியோர் பென்ஷன் விசாரணையில் மகன் சோறு போடுகிறானா என்ற கேள்வியையே எடுத்துவிட வேண்டும். வயதும் வீட்டு நிலைமையும் பார்த்தால் போதும்.

முகாம் போடுவதிலும் ஒரு யோசனை சொல்கிறேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு முகாம் போட்டால் வேலைக்குப் போகாதவர்கள்தான் வருவார்கள். பெங்களூர், திருப்பூர் போனவர்கள் எல்லாரும் ஊருக்கு வருவது பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான். அந்த வாரம் ஊருக்குள் ஆதார் மெஷின், வாரிய அட்டை புதுப்பிக்கிற ஆள், தாலுகா ஆபீஸ் ஆள் மூன்று பேரையும் ஒரே பந்தலில் இரண்டு நாள் உட்கார வையுங்கள். அந்த நேரத்தில் போனும் ஆளும் ஒரே இடத்தில் இருக்கும், ஓடிபி பிரச்சினையே வராது. பண்டிகைக்கு யாருக்கும் வேலை இல்லை, நாள் கூலி போகாது. குழுப் பெண்களிடம் வீடு வீடாகப் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள், ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று எங்களுக்கும் கூலி கொடுங்கள். சேவை என்று சொல்லி எங்களைச் சும்மா அலைய வைத்தால் நாங்களும் அந்த ஏழு நாள் கூலிக் கணக்கில்தான் மாட்டுவோம். இது செய்யக்கூடிய காரியம்தான், கலெக்டர் மனது வைத்தால் அடுத்த பண்டிகைக்கே ஒரு பிளாக்கில் செய்து பார்க்கலாம்.

வரும் திங்கட்கிழமை ஆயாவைக் கூட்டிக்கொண்டு தருமபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன். மகனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, வயதைத் திருத்த உத்தரவிட வேண்டும் என்று மட்டும் மனு எழுதியிருக்கிறேன். மூத்த மகள் சேலத்திலிருந்து தன் வாக்காளர் அட்டை, ஆதார், தன் மூத்த பையனின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறாள். அவளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது, பேரன் எடுத்துவிட்டாள். அம்மா பக்கத்தில் நானே நேரில் வந்து நிற்கிறேன் அக்கா, எங்க அம்மா வயசுக்கு என்னைவிட வேறு என்ன சாட்சி வேணும் என்று போனில் சொன்னாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.